திருச்சியில் கைமாறிய பெட்டி: படம் காட்டும் மெஷினும் நெருப்பும்

1/15
தமிழ் சினிமா எங்கே தொடங்கியது என்று கேட்டால் கோடம்பாக்கம் என்போம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கோயம்புத்தூர், சேலம் என்பார்கள். ஆனால் கதை தொடங்குவது நம்ம திருச்சியில். அதுவும் உடம்பு முடியாமல் போன ஒரு வெளிநாட்டுக்காரரிடம் இருந்து.

ஆண்டு 1905. டூ பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிக்கொண்டிருந்தார். திருச்சி வந்த இடத்தில் உடம்பு படுத்திவிட்டது. தொழிலைத் தொடர முடியாத நிலை. கையில் இருந்த புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் போய்ச் சேரலாம் என்று முடிவெடுத்தார்.

வாங்கியவர் யார் தெரியுமா? தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு இளைஞர். பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். சொந்த ஊர் கோயம்புத்தூர்.

2/15
விலை இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். இன்றைக்குக் கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் அவருடைய மாதச் சம்பளம் 25 ரூபாய் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்து வைத்தாலும் ஆறரை வருஷத்துக்கும் மேலான சம்பளம்!

அரசாங்க வேலை மாதிரியான ரயில்வே வேலையை விட்டுவிட்டு, இத்தனை வருஷச் சம்பளத்தை ஒரு மரப்பெட்டியில் போடுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்? வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

பெட்டியோடு சேர்ந்து வந்த படங்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. திருச்சியிலேயே கூடாரம் போட்டுக் காட்டினார். கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. பிறகு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெற்கே தொடங்கி வடக்கே பெஷாவர் வரைக்கும் போனார். பர்மாவுக்கும் போனார்.

3/15
அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருந்தது?

அந்தக் காலத்து புரொஜெக்டரில் மோட்டார் கிடையாது. கையால் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 படங்கள் நகரும். நொடிக்கு இரண்டு சுற்று. ஆக நொடிக்கு 16 படம். 35 எம்எம் ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 படம் இருக்கும். அதாவது நொடிக்கு ஒரு அடி ஃபிலிம் ஓடும். ஆயிரம் அடி ரீல் என்றால் பதினாறு பதினேழு நிமிஷம்.

கை வலித்து மெதுவாகச் சுற்றினால் திரையில் ஆள் தூங்கி வழிவார். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வேகமாகச் சுற்றினால் சவ ஊர்வலம்கூட ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். பழைய ஊமைப் படங்களில் எல்லோரும் ஓடுகிற மாதிரி இன்று தெரிவதற்கும் இதுதான் காரணம். மெதுவாகச் சுற்றி எடுத்ததை நாம் நொடிக்கு 24 படம் என்ற வேகத்தில் ஓட்டுகிறோம்.

4/15
இங்கே கொஞ்சம் கண் பாடம். (டாக்டர் இழை எழுதினால் இது இல்லாமல் இருக்குமா?)

ஃபிலிம் தொடர்ந்து ஓடுவதில்லை. ஒரு படம் வந்து நிற்கும். வெளிச்சம் விழும். பிறகு ஒரு தகடு சுழன்று வந்து வெளிச்சத்தை மறைக்கும். அந்த இருட்டில் அடுத்த படம் வந்து நிற்கும். இரண்டு மணி நேரப் படத்தில் கணிசமான நேரம் நாம் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

அப்படியென்றால் ஏன் மினுக்மினுக் என்று தெரியவில்லை? நொடிக்கு ஏறத்தாழ 50 முறைக்கு மேல் வெளிச்சம் விட்டு விட்டு வந்தால் நம் கண்ணும் மூளையும் அதை ஒரே வெளிச்சமாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு மூன்று தடவை மறைத்து மறைத்துக் காட்டினார்கள். வீட்டில் ஓட்டும் சின்ன புரொஜெக்டரில் நொடிக்கு 18 படம், தகட்டில் மூன்று இறக்கை. 18 × 3 = 54. கண் ஏமாந்துவிடும்.

இந்த ஏமாற்று வித்தையை முதலில் ஆராய்ந்தவர்களில் பீட்டர் மார்க் ரோஜெட்டும் ஒருவர். லண்டன் மருத்துவர். 1824-ல் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். ஆங்கிலத்தில் தெசாரஸ் அகராதி போட்டாரே, அதே ரோஜெட்தான்.

5/15
சரி, வெளிச்சத்துக்கு எங்கே போவது? 1905-ல் பெரும்பாலான ஊர்களில் மின்சாரம் கிடையாது.

அப்போது டூரிங் காட்சிக்காரர்கள் நம்பியது வாயு விளக்குகளை. சுண்ணாம்புக் கட்டியின் மேல் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தீயைப் பாய்ச்சினால் அது வெள்ளை வெளேரென்று ஒளிரும். ஹைட்ரஜன் கிடைக்காத இடத்தில் ஈதர் ஆவி. ஆமாம், ஆபரேஷனுக்கு மயக்க மருந்தாக 1846-லிருந்து கொடுத்தோமே, அந்த ஈதர்தான். அறை வெப்பத்திலேயே ஆவியாகும். பொறி பட்டால் குப்பென்று பற்றும்.

விளக்கின் முன்னால் ஓடியதோ நைட்ரேட் ஃபிலிம். அது வெடிபஞ்சுக்குப் பங்காளி. எரிவதற்குத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. எனவே மணலைப் போட்டாலும் அணையாது. தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும்.

ஒரு பக்கம் ஈதர். மறுபக்கம் வெடிபஞ்சின் பங்காளி. சுற்றிலும் துணிக் கூடாரம். உள்ளே நூற்றுக்கணக்கான ஜனம். வின்சென்ட் காலத்தில் இந்தத் தொழில் செய்தவர்கள் தினமும் எதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள் என்று புரிகிறதா?

6/15
இது சும்மா பயமுறுத்தலுக்குச் சொல்வதில்லை.

1897 மே 4. பாரீஸில் ஒரு தர்மக் கண்காட்சி. பணக்கார வீட்டுப் பெண்கள் ஏழைகளுக்காக நிதி திரட்ட, மரத்தாலும் துணியாலும் கட்டிய பந்தலில் கடை போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் சினிமா. விளக்கில் ஈதர் தீர்ந்தது. நிரப்பும் நேரத்தில் யாரோ தீக்குச்சி கிழித்தார்கள். சில நிமிஷங்களில் பந்தல் மொத்தமும் தீ. இறந்தவர்கள் சுமார் 126 பேர்.

அதில் ஆஸ்திரியப் பேரரசியின் தங்கையும் ஒருவர். உடலை யாராலும் அடையாளம் காண முடியவில்லை. கடைசியில் அவருடைய பல் மருத்துவர் வந்து பற்களைப் பார்த்துச் சொன்னார். தடயவியல் பல் மருத்துவம் என்ற துறை வளர்ந்த கதையில் இந்தத் தீவிபத்துக்குத் தனி இடம் உண்டு.

சினிமா பிறந்து ஒன்றரை வருஷம்கூட ஆகாத நேரம் அது.

7/15
அடுத்தது எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அதாவது ஒரு ஆஸ்பத்திரியில்.

1929 மே 15. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக். அன்றைய எக்ஸ்ரே ஃபிலிமும் இதே நைட்ரேட்தான். அடித்தளத்தில் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். சூடுபட்டுச் சிதைந்து எரியத் தொடங்கியது. 123 பேர் போய்விட்டார்கள். மருத்துவமனையை நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் ஜான் பிலிப்ஸும் அதில் அடக்கம்.

கவனிக்க வேண்டியது: பெரும்பாலானவர்களைக் கொன்றது தீ இல்லை. புகை. நைட்ரேட் எரிந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். சுவாசித்தவர் முதலில் இருமுவார். பிறகு "பரவாயில்லை" என்று எழுந்து நடந்தே வெளியே வருவார். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அன்று நடந்து வெளியே வந்த சிலர் பிறகு இறந்தது இப்படித்தான்.

தீவிபத்தில் புகையைச் சுவாசித்தவர்களை, வெளியே காயம் இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்கிறோமே, அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கின்றன.

8/15
இப்போது ஒரு கேள்வி. இவ்வளவு ஆபத்தான பொருளை வீட்டுக்குள் எப்படிக் கொண்டு வந்தார்கள்?

நைட்ரேட்டை வீட்டுக்குள் விடவில்லை. அவ்வளவுதான். எளிதில் பற்றாத அசிடேட் ஃபிலிமைக் கொண்டு வந்தார்கள். அதற்கு "சேஃப்டி ஃபிலிம்" என்று பெயர்.

1922-ல் பிரான்ஸின் பாத்தே கம்பெனி 9.5 எம்எம் அகலத்தில் "பாத்தே பேபி" என்ற குட்டி புரொஜெக்டரை விட்டது. 1923-ல் கோடாக்கின் 16 எம்எம். 1932-ல் 8 எம்எம். 1965-ல் சூப்பர் 8.

ஏன் 16? 35-ஐப் பாதியாக வெட்டினால் 17.5 வரும், அதையே வைத்திருக்கலாமே? அங்கேதான் விஷயம். 17.5 என்று வைத்தால் யாராவது மலிவாகக் கிடைக்கும் 35 எம்எம் நைட்ரேட்டை நடுவில் கிழித்து வீட்டு மெஷினில் மாட்டிவிடுவார்கள். அதற்கு வழியே இல்லாத அளவு 16. ஆளைத் திருத்த முடியாது, அளவைத் திருத்தலாம் என்ற யோசனை! ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயின் இணைப்பில் வேறு வாயுக் குழாயை மாட்ட முடியாதபடி செய்திருப்பதும் இதே தத்துவம்தான்.

9/15
நம்ம ஊரில் 8 எம்எம் கேமராவும் புரொஜெக்டரும் வசதியான சில வீடுகளில் மட்டும்தான். வெளிநாடு போய் வந்தவர்கள், மில் முதலாளிகள், சில டாக்டர்கள், வக்கீல்கள். ஒரு சூப்பர் 8 ரீல் 50 அடி. ஓடுவது 3 நிமிஷம் 20 நொடி. அதற்குள் கல்யாணமே முடிய வேண்டும்!

சாதாரண ஜனம் 16 எம்எம் புரொஜெக்டரைப் பார்த்தது அரசாங்க வேன் வழியாக. 1948-ல் ஃபிலிம்ஸ் டிவிஷன் வந்தது. குடும்பக் கட்டுப்பாடு, மலேரியா, அம்மை என்று சுகாதாரத் துறை வேன் ஊருக்குள் வரும். பள்ளிக்கூடத் திடலில் திரை கட்டுவார்கள். சின்ன ஜெனரேட்டர் தடதடக்கும். கொசு பற்றிய படத்தைக் கொசுக்கடி வாங்கிக்கொண்டே பார்த்த தலைமுறை அது. எங்கள் துறையின் முதல் "வைரல் வீடியோ" அந்த வேன்தான்.

10/15
ஆனால் தமிழ்நாட்டின் உண்மையான ஹோம் புரொஜெக்டர் எது தெரியுமா? கோடாக்கும் இல்லை, பாத்தேயும் இல்லை.

ஃப்யூஸ் போன பல்பு!

பல்பின் பின்பக்கத்தை ஜாக்கிரதையாக உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் நிரப்ப வேண்டும். லென்ஸ் ரெடி. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் இரண்டு ஓட்டை. தியேட்டர் ஆபரேட்டர் வெட்டிப் போட்ட ஃபிலிம் துண்டு, இல்லையென்றால் பெட்டிக்கடையில் காசுக்கு வாங்கியது. வாசலில் ஒருத்தன் முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் காட்டி வெளிச்சத்தை உள்ளே அடிப்பான். அறைக்குள் அப்பாவின் வேட்டி திரை. ஃபிலிமைத் தலைகீழாகப் பிடித்தால் எம்ஜிஆரோ சிவாஜியோ நேராக நிற்பார்கள்.

ஏன் தலைகீழ்? லென்ஸ் படத்தைக் கவிழ்த்துப் போடும். நம் கண்ணிலும் அப்படியேதான். விழித்திரையில் உலகம் தலைகீழாகத்தான் விழுகிறது. மூளை அதை நேராகப் புரிந்துகொள்கிறது. பல்பும் தண்ணீரும் வைத்து விளையாடிய பொடியன்களுக்கு எட்டாம் வகுப்பு ஒளியியல் முன்கூட்டியே பாடமாகிவிட்டது.

ஒன்று மட்டும் நினைத்துப் பாருங்கள். 1950-களின் தொடக்கத்தில் கோடாக் நைட்ரேட் தயாரிப்பை நிறுத்தியது. சினிமாவும் சேஃப்டி ஃபிலிமுக்கு மாறியது. டவுசர் பையில் ஃபிலிம் துண்டோடு அலைந்த அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியது அந்த மாற்றம்தான்.

11/15
ஃபிலிம் மாறியது. கொட்டகை மாறவில்லை.

1918-ல் வெள்ளைக்காரன் கொண்டு வந்த சினிமாட்டோகிராஃப் சட்டத்தைச் சென்சார் சட்டமாக மட்டும் நினைக்கிறோம். அதன் இன்னொரு பாதி பார்வையாளர் பாதுகாப்பு, லைசென்ஸ். ஆபரேட்டர் ரூம் தனியாக, தீப்பிடிக்காத சுவரோடு இருக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த வழியில் வந்தவை. பழைய தியேட்டர்களில் படம் வரும் ஓட்டைக்கு மேலே இரும்புத் தகடு தொங்குமே, அது தீ வந்தால் விழுந்து மூடிக்கொள்வதற்கு.

ஆனால் டூரிங் கொட்டகையின் கூரை கீற்றாகவே இருந்தது. 1979 ஜூலை 29, ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி லட்சுமி டாக்கீஸில் கீற்றுக் கூரை பற்றியது. பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் மடிந்தார்கள்.

12/15
இன்னொன்று நம்ம ஸ்ரீரங்கத்தில். எழுதவே கை கனக்கிறது.

2004 ஜனவரி 23. மாடியில் கீற்றுப் பந்தல் போட்ட ஒரு கல்யாண மண்டபம். சடங்கு நடக்கிறது. வீடியோ எடுப்பதற்காகப் போட்ட விளக்கின் வயரில் இருந்து கிளம்பிய பொறி பந்தலில் பற்றியது. இறங்குவதற்கு வழி போதவில்லை. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதே வருஷம் ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளி. கீற்றுக் கூரை. 94 குழந்தைகள்.

பாரீஸ் 1897-ஐயும் ஸ்ரீரங்கம் 2004-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் 107 வருஷம். ஈதர் போய் மின்சாரம் வந்துவிட்டது. ஃபிலிம் போய் வீடியோ வந்துவிட்டது. ஆனால் எரியும் பந்தல், படத்துக்காக ஒரு விளக்கு, நிறைய ஜனம், போதாத வழி. இந்த நாலும் அப்படியே இருந்தன. ஆபத்து மெஷினில் மட்டும் இல்லை. மெஷினைச் சுற்றி நாம் கட்டும் இடத்திலும் இருக்கிறது.

அதனால் எந்த மண்டபத்துக்குப் போனாலும் உட்காரும் முன் ஒரு விஷயம் செய்யுங்கள். நீங்கள் வந்த வழியைத் தவிர இன்னொரு வழி எங்கே என்று பாருங்கள். புகை வந்தால் குனிந்து, தரையை ஒட்டி வெளியேறுங்கள். செருப்பையும் பையையும் தேடாதீர்கள்.

13/15
வின்சென்ட் என்ன ஆனார்?

1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டினார். அந்தத் தெருவுக்கே வெரைட்டி ஹால் ரோடு என்று பெயராகிவிட்டது. படம் ஓட்ட எஞ்சின் வைத்து மின்சாரம் எடுத்தார். அதே மின்சாரத்தில் அச்சகமும் ஓட்டினார். பாத்தே கம்பெனி மெஷின்களை மற்றவர்களுக்கு விற்றார். 1933-ல் கல்கத்தா பயனியர் கம்பெனியோடு சேர்ந்து "வள்ளி திருமணம்" எடுத்தார். டி.பி. ராஜலட்சுமி நடித்த படம். பேசும்படம் வந்து இரண்டே வருஷத்தில்! 1942-ல் காலமானார்.

கையால் சுற்றும் ஊமைப் பெட்டியில் தொடங்கி, பேசும்படம் எடுப்பது வரை ஒரே மனிதர். விதை விழுந்தது திருச்சியில்.

14/15
இனி பழைய புரொஜெக்டர் சேர்க்கும் ஆசை உள்ளவர்களுக்கும், தாத்தா வீட்டில் ஒன்று கிடக்கிறது என்பவர்களுக்கும் சில வார்த்தை.

* பிளக்கைச் சொருகாதீர்கள். பல அமெரிக்க மெஷின்கள் 110 வோல்ட். நம்ம 230-ல் கொடுத்தால் பல்பு போகும், மோட்டார் போகும். பழைய வயரின் உறையும் உதிர்ந்திருக்கும். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

* சில பழைய மெஷின்களில் விளக்கைச் சுற்றி கல்நார் இருக்கும். வெள்ளையாகவோ சாம்பலாகவோ நார் மாதிரி தெரிந்தால் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். நுரையீரலுக்குப் பகை.

* 35 எம்எம் பழைய சுருள், 1950-களின் தொடக்கத்துக்கு முந்தியது என்றால் நைட்ரேட்டாக இருக்கலாம். பிசுபிசுப்பு, பழுப்புத் தூள், காரமான வாடை இருந்தால் வீட்டில் வைக்கவே கூடாது. தீயணைப்புத் துறையிடம் சொல்லுங்கள். கொளுத்திப் பார்த்துச் சோதிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

* 8, 16 எம்எம் ரீலில் காடி வாடை அடிக்கிறதா? அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் வருகிறது. பக்கத்து ரீலுக்கும் தொற்றும். காசநோய் வார்டு மாதிரி உடனே தனியாகப் பிரித்து, காற்றோட்டமான, சூடு குறைந்த இடத்தில் வையுங்கள். திருச்சி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண்தான் அதற்கு எமன்.

* சுருங்கிய ரீலை மெஷினில் மாட்டினால் ஓட்டைகள் கிழியும். முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். ஆசைக்கு ஓட்டுவது பிறகு.

15/15
"மூணு நிமிஷ ரீல், அதில் என்ன இருக்கப் போகுது?" என்பீர்கள்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் இன்று 13 நிலையோடு வானத்தைத் தொடுகிறது. கும்பாபிஷேகம் நடந்தது 1987 மார்ச் 25. அதற்கு முன்னால் பல நூறு ஆண்டுகள் அது அடித்தளத்தோடு நின்ற மொட்டை கோபுரம். நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் யாரும் அதை நேரில் பார்த்ததில்லை. 1970-களில் உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ யாராவது தன் பெண் கல்யாண ஊர்வலத்தை 8 எம்எம்-இல் எடுத்திருந்தால், பின்னணியில் அந்த மொட்டை கோபுரம் நிற்கும். அதன் கீழே அன்றைய மனிதர்கள் நடந்து போவார்கள். தேர் அசையும். காவிரியில் தண்ணீர் ஓடும். போட்டோவில் கிடைக்காத ஒன்று அதில் இருக்கும்: போய்ச் சேர்ந்த பாட்டி கையை ஆட்டிச் சிரிப்பது.

அந்த ரீல் இப்போது யார் வீட்டுப் பரணிலோ, துருப்பிடித்த டப்பாவுக்குள், காடி வாடையோடு கரைந்துகொண்டிருக்கலாம். சிதைவு தொடங்கிவிட்டால் திரும்பி வராது. தள்ளிப்போட மட்டும்தான் முடியும்.

திருச்சி, ஸ்ரீரங்கம் சொந்தங்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ரீல் கிடைத்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். முகர்ந்து பாருங்கள், பிரித்து வையுங்கள், ஸ்கேன் செய்யுங்கள். அதில் யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள்.